பைக் எஞ்சின் கிட் கார்: நீண்ட வலது வளைவில் எஞ்சின் திணறுகிறது, மெதுவாகப் போனால் குதிக்கிறது

#1 வளைவுப்பிரியன்

வணக்கம். பாகம் பாகமாகச் சேர்த்து நானே கட்டிய கிட் கார், மூன்று வருட வேலைக்குப் பிறகு ஓடத் தொடங்கிவிட்டது. லோட்டஸ் செவன் பாணியில் திறந்த இரண்டு இருக்கை வண்டி, குழாய்ச் சட்டம், 1,300 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜெக்‌ஷன் பைக் எஞ்சின். இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங் எல்லாம் பைக்கில் வந்ததையே போட்டிருக்கிறேன். எடை 480 கிலோ.

இரண்டு தொல்லைகள். முதலாவது: ட்ராக்கில் ஒரு நீண்ட வலது வளைவு இருக்கிறது. டேங்கில் பாதிக்குக் கீழே பெட்ரோல் இருந்தால், வளைவின் நடுவில் எஞ்சின் இருமத் தொடங்குகிறது. நேராக்கினால் ஓரிரு நொடியில் சரியாகிவிடும். இடது வளைவுகளில் இப்படி ஆவதே இல்லை.

இரண்டாவது: முதல் இரண்டு கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை மென்மையாக மிதிக்கவே முடியவில்லை. காலால் தொட்டால் வண்டி பாய்கிறது, எடுத்தால் முட்டுகிறது. பக்கத்தில் உட்கார்ந்த என் மனைவிக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது.

டேங்க் அலுமினியம், நானே வெல்டிங் செய்தது. உள்ளே தடுப்பு ஏதும் இல்லை. பெட்ரோலை வெளியே எடுக்கும் எடுப்புக் குழாய் வலது பக்க அடிமூலையில். வெளியில் ஒரு ஹை பிரஷர் பம்ப், பிரஷரைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், மிஞ்சும் பெட்ரோல் திரும்பும் ரிட்டர்ன் குழாய் நேராக டேங்குக்கே. எங்கிருந்து தொடங்கலாம்?

#2 நாலுகார்ப்

வாழ்த்துகள், மூன்று வருடத்தில் ஓட்டியதே பெரிய விஷயம். ஒரு கேள்வி: ஃப்யூயல் பிரஷர் கேஜ் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதை மாட்டுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.

#3 பழையபட்டறை

தம்பி, எடுப்புக் குழாய் வலது மூலையில், தடுப்பு இல்லை என்று எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஆனால் ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் இந்த வகை வண்டியில் வரும் பாதிக் கோளாறுகளை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பைக் வளைவில் சாயும். எவ்வளவு சாய வேண்டும் என்பதை ஓட்டுபவரின் விருப்பம் தீர்மானிப்பதில்லை. புவியீர்ப்பும் பக்கவாட்டு விசையும் சேர்ந்த மொத்த இழுப்பு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசைக்குச் சாயும். வாளியில் தண்ணீர் நிரப்பிச் சுற்றினால் சிந்தாதே, அதே கதைதான். டேங்கில் இருக்கும் பெட்ரோலுக்கும் சம்பில் (எஞ்சினின் அடித்தொட்டியில்) இருக்கும் ஆயிலுக்கும் வண்டி வளைவதே தெரியாது. அவற்றைப் பொறுத்தவரை கீழ் எப்போதும் கீழேதான்.

கார் சாயாது. நல்ல ஒட்டும் டயரில் 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசை வந்தால் பெட்ரோலின் மேற்பரப்பு 45 டிகிரி சரிந்து நிற்கும். உங்கள் டேங்க் 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம், உள்ளே 10 செ.மீ. பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது வளைவில் அத்தனையும் இடது சுவரில் ஏறி ஒட்டிக்கொள்ளும். கணக்குப் போட்டால் தரையில் இடதுபக்க 36 செ.மீ.தான் நனைந்திருக்கும், வலதுபக்க 24 செ.மீ. காய்ந்து கிடக்கும். உங்கள் குழாய் அந்தக் காய்ந்த பக்கத்தில் காற்றைக் குடிக்கிறது.

அப்புறம், இதைவிட அவசரமான ஒன்று. ஆயில் சம்புக்குத் தடுப்புத் தட்டு போட்டிருக்கிறீர்களா? பெட்ரோல் தடைபட்டால் எஞ்சின் இருமும், அவ்வளவுதான். ஆயில் தடைபட்டால் பேரிங் போய்விடும். சம்பில் அந்த வேலையைச் செய்யாமல் ட்ராக்குக்குப் போகாதீர்கள்.

#4 வளைவுப்பிரியன்

ஐயா, மிக்க நன்றி. சம்பில் தடுப்புத் தட்டு உண்டு. ஆயில் பிரஷர் விளக்கும் கண்ணுக்கு நேரே வைத்திருக்கிறேன், இதுவரை எரிந்ததில்லை.

டேங்க் அளவு கிட்டத்தட்ட நீங்கள் சொன்னதுதான், 58 செ.மீ. அகலம். கேஜ் வாங்கிவிட்டேன், வார இறுதியில் மாட்டுகிறேன். டேங்கை வெட்டித் தடுப்பு வைப்பதா, ஃபோம் போடுவதா, ஸ்வர்ல் பாட் (பம்புக்கு முன் வரும் சின்னக் குடுவை) வைப்பதா என்று குழப்பமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம், சம்பந்தம் இருக்குமா தெரியவில்லை. இரண்டு தடவை அதே வளைவில் எஞ்சின் இருமாமல் முழுசாக அணைந்துவிட்டது. செல்ஃப் அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியை ஆஃப் செய்து ஆன் செய்ததும் உடனே பிடித்துக்கொண்டது.

#5 ஐந்துவோல்ட்

சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் பிடித்ததா? அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது பெட்ரோல் இல்லாத அடையாளம் கிடையாது. கேஜ் மாட்டி ஓட்டிவிட்டு வாருங்கள், பேசுவோம்.

#6 திருகுவிசை

நான் இரண்டாவது தொல்லைக்கு வருகிறேன். எல்லாரும் பெட்ரோலிலேயே நிற்கிறார்கள், ஆனால் தினமும் ஓட்டும்போது உயிரை எடுப்பது பெடல்தான்.

இந்த அளவு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பட்டர்ஃப்ளை (காற்று வழியைத் திறந்து மூடும் வட்டத் தகடு), சுமார் 46 மி.மீ. விட்டம். நான்கையும் சேர்த்தால் அதே பரப்புக்கு ஒரே பட்டர்ஃப்ளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? 92 மி.மீ.! 1,300 சிசி எஞ்சினுக்கு 92 மி.மீ. வாய். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்த வாயைக் கால்வாசி திறந்தாலே அதற்கு வேண்டிய காற்றில் பெரும்பகுதி போய்விடும். மீதி முக்கால்வாசி அசைவில் பெரிதாக ஒன்றும் மாறாது. ஆக, உங்கள் கட்டுப்பாடு முழுக்க முதல் கால்வாசியில் இருக்கிறது. பைக்கில் அதை மணிக்கட்டு பார்த்துக்கொள்கிறது. மணிக்கட்டு மி.மீ. கணக்கில் அசையும். காலால் அது முடியாது.

இப்போது இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, பட்டர்ஃப்ளைகள் இருக்கும் த்ராட்டில் பாடியின் சக்கரம் முழுசாகத் திறக்கக் கேபிள் எத்தனை மி.மீ. இழுபடுகிறது. இரண்டு, அதற்குப் பெடலின் மிதிபாகம் எத்தனை மி.மீ. நகர்கிறது.

#7 வளைவுப்பிரியன்

அளந்தேன். கேபிள் 38 மி.மீ., மிதிபாகம் 61 மி.மீ. பெடலில் கீலிலிருந்து மிதிபாகம் 200 மி.மீ. தூரத்தில், கேபிள் மாட்டிய துளை 125 மி.மீ. தூரத்தில்.

#8 திருகுவிசை

அதுதான் விஷயம். கேபிள் துளையைக் கீலிலிருந்து 80 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். 200ஐ 80ஆல் வகுத்தால் 2.5. 38 மி.மீ. கேபிளுக்கு மிதிபாகம் 95 மி.மீ. நகரும். கால் கொஞ்சம் அழுத்தம் குறைவாக உணரும், அதனால் பெடலிலேயே ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங் சேருங்கள். த்ராட்டில் பாடியில் இருக்கும் ஸ்பிரிங்கை மட்டும் நம்பவே கூடாது. பைக்கில் திறக்க ஒரு கேபிள், மூட ஒரு கேபிள் என்று இரண்டு இருந்தன. காரில் பெரும்பாலும் ஒன்றுதான் போடுகிறோம். மூடுகிற கேபிளின் வேலையை அந்த இரண்டாவது ஸ்பிரிங் செய்ய வேண்டும்.

முடிந்தால் கேபிள் மாட்டும் கையை, பெடல் விட்டிருக்கும் நிலையில் கேபிளின் திசைக்கு ஓரளவு இணையாகவும், மிதிக்க மிதிக்கச் செங்குத்தாகவும் வருமாறு திருப்பி வையுங்கள். தொடக்கத்தில் கேபிள் மெதுவாக இழுபடும், பிறகு வேகம் பிடிக்கும். இந்த ஒரு மாற்றம் வண்டியின் குணத்தையே மாற்றிவிடும்.

பெடலுக்குக் கீழே கட்டாயம் ஒரு தடை போல்ட் வேண்டும். கையின் பலம் வேறு, காலின் பலம் வேறு. பிரேக் தாமதமாகப் பிடித்துப் பதற்றத்தில் ஆக்சிலேட்டரை நசுக்கினால், பட்டர்ஃப்ளையின் தடுப்பு முனை வளையும் அல்லது கேபிள் நாரிழை அறும். அறுந்த இழைகள் உறைக்குள் சுருண்டு சிக்கினால் த்ராட்டில் திறந்தபடியே நின்றுவிடும். ஒருவரை முழுசாக மிதிக்கச் சொல்லி, நீங்கள் எஞ்சின் பக்கம் நின்று பாருங்கள். பட்டர்ஃப்ளை முழுசாகத் திறந்த அந்த நொடியில் பெடல் போல்டைத் தொட வேண்டும்.

#9 நாலுகார்ப்

கார்புரேட்டர் வைத்திருப்பவர்கள் யாராவது பிறகு இதைப் படிப்பார்கள் என்பதால் என் அனுபவத்தையும் போட்டுவிடுகிறேன். என்னுடையது பழைய யமஹா ஆர்1 எஞ்சின். 1998இல் வந்த முதல் மாடலில் 40 மி.மீ. மிக்குனி கார்ப் நான்கு இருக்கும். 2002 மாடலில்தான் இன்ஜெக்‌ஷனுக்கு மாறினார்கள்.

கார்ப் வண்டியில் பிரஷர் அதிகமாவதுதான் வினை. 2 முதல் 3 பிஎஸ்ஐ போதும், அதாவது 0.2 பார் அளவு. இன்ஜெக்‌ஷனுக்கு வேண்டிய 3 பாரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. நான் தொடக்கத்தில் ரெகுலேட்டர் இல்லாமல் ஒரு சாதாரண கார் பம்பை மாட்டினேன். கார்ப் தொட்டி நிறைந்ததும் வரத்தை மூடும் ஃப்ளோட் ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் உள்ளே இறங்கியது. ஒரு நாள் காலை ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை, ஆயில் தண்ணீர் மாதிரி சொட்டியது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இப்போதும் பயமாக இருக்கிறது. ஆயிலை மாற்றி, ரெகுலேட்டர் வைத்த பிறகு நின்றது.

இன்னொன்று, செவன் வகைச் சட்டத்தில் எஞ்சினைத் திருப்பித்தான் வைக்கிறோம். சங்கிலிப் பல்சக்கரம் இருந்த பக்கம் பின்னால் பார்க்கும், அங்கிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட் போகும். அப்படியானால் கார்ப் தொட்டிகளும் 90 டிகிரி திரும்பிவிட்டன. பைக்கில் பிரேக் பிடித்தபோது உணர்ந்த விசையை இப்போது வளைவில் உணர்கின்றன, அதுவும் நொடிக்கணக்கில் தொடர்ந்து. ஒரு பக்க வளைவில் பெட்ரோல் அதிகம், மறுபக்கத்தில் குறைவு என்று வந்தால் ஜெட்டை (பெட்ரோலை அளந்துவிடும் துளை) மாற்றுவதற்கு முன் ஃப்ளோட் உயரத்தைச் சரிபாருங்கள். தொட்டிகளின் காற்றுக் குழாய்களைப் பானெட்டுக்குள் காற்று வீசும் இடத்தில் விடாதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் இருக்கும் அதே அழுத்தம் தொட்டிக்கும் கிடைக்க வேண்டும். இது தெரியாமல் நான் மூன்று மாதம் ஜெட் மாற்றிக்கொண்டிருந்தேன்.

டேங்குக்கு என் கருத்து: ஃபோம் மட்டுமே போதும். நான் அதோடுதான் ஓட்டுகிறேன்.

#10 பழையபட்டறை

கார்ப் வண்டிக்குப் போதும், ஒப்புக்கொள்கிறேன். ஃப்ளோட் தொட்டிகளில் கொஞ்சம் இருப்பு இருக்கிறது, பம்ப் ஒரு நொடி காற்றைக் குடித்தாலும் எஞ்சினுக்குத் தெரியாது. இன்ஜெக்‌ஷனில் அந்த இருப்பு கிடையாது. காற்றுக்குமிழ் வந்த நொடியே பிரஷர் விழும். ஃபோம் அலைமோதலை அடக்கும், ஆனால் பத்து நொடி வளைவில் பெட்ரோல் பக்கத்துக்குப் போவதை நிறுத்தாது. தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

வளைவுப்பிரியன், உங்களுக்கு ஸ்வர்ல் பாட்தான் வேண்டும். எடுப்புக் குழாய்க்கும் ஹை பிரஷர் பம்புக்கும் நடுவே எப்போதும் நிறைந்தே இருக்கும் ஒரு சின்னக் குடுவை. எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று பயப்பட வேண்டாம், கணக்கு இதோ. 170 குதிரைத்திறன் முழுசாகக் கொடுக்கும்போது எஞ்சின் மணிக்குச் சுமார் 50 லிட்டர் குடிக்கும். நொடிக்கு 14 மில்லி. ஒரு லிட்டர் குடுவை இருந்தால் டேங்கிலிருந்து ஒரு சொட்டு வராவிட்டாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்கும்.

ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர ஒரு நிபந்தனை உண்டு. ரெகுலேட்டரிலிருந்து வரும் ரிட்டர்ன் குடுவைக்குத்தான் திரும்ப வேண்டும். டேங்குக்குப் போனால், எஞ்சின் குடிப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் குடுவையிலிருந்து வெளியேறும். மணிக்கு 120 லிட்டர் தள்ளும் பம்ப் என்றால் நொடிக்கு 33 மில்லி. அதே ஒரு லிட்டர் அரை நிமிடத்தில் காலி. உங்கள் ரிட்டர்ன் இப்போது டேங்குக்குப் போகிறது, அதை மாற்ற மறக்காதீர்கள்.

குழாய்கள் இப்படி: டேங்கிலிருந்து லோ பிரஷர் பம்ப் குடுவையின் பக்கவாட்டில் ஊட்டும். ரிட்டர்னும் மேல்பக்கமாக உள்ளே வரும். உச்சியிலிருந்து ஒரு குழாய் டேங்கின் மேற்புறத்துக்குப் போகும், மிஞ்சிய பெட்ரோலும் காற்றும் அதன் வழியே வெளியேறும். அடியிலிருந்து பெரிய துளைக் குழாயில், 12 மி.மீ. இருந்தால் நல்லது, ஹை பிரஷர் பம்புக்கு. அந்தப் பம்ப் குடுவையைவிடத் தாழ்வாக இருக்கட்டும். இவ்வகைப் பம்புகள் நன்றாகத் தள்ளும், இழுக்கத் தெரியாது. பம்புக்கு முன் பெரிய கண் வலை, பின் நுண்ணிய ஃபில்டர். நீங்களே வெல்டிங் செய்த அலுமினியம் டேங்க் என்றீர்கள், முதல் ஃபில்டரைச் சீக்கிரமே வெட்டிப் பாருங்கள், சீவல் இருக்கும்.

ஹை பிரஷர் பக்கம் இன்ஜெக்‌ஷனுக்கென்று குறித்த ஹோஸ் மட்டும். கார்ப் ஹோஸ் 3 பாருக்குச் செய்ததல்ல.

#11 வளைவுப்பிரியன்

கேஜை எஞ்சின் பக்கத்தில் பொருத்தி, பானெட்டுக்கு மேலே தெரியுமாறு டேப் போட்டு ஒட்டினேன். (பெட்ரோல் வரும் குழாயை ஓட்டுபவர் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். சரியான எச்சரிக்கை.) போனில் வீடியோ எடுத்தேன்.

நேர்ச்சாலையில் முள் 3 பாரில் அசையாமல் நிற்கிறது. வலது வளைவில் நுழைந்து நாலாவது நொடியில் முள் நடுங்கத் தொடங்கியது. பிறகு 2, 1.5, ஒரு கட்டத்தில் 1க்குக் கீழே. இருமலும் அதே நேரத்தில். டேங்க் நிரம்பியிருந்தபோது முள் நகரவில்லை.

ஸ்வர்ல் பாட் வேலையை முடித்துவிட்டேன், ரிட்டர்னையும் மாற்றினேன். கால் டேங்கில் ஓட்டினாலும் முள் 3இல் அப்படியே நிற்கிறது, இருமல் போய்விட்டது. ஆனால்... அதே வளைவில் மறுபடி ஒரு தடவை எஞ்சின் அணைந்தது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் நின்ற அந்த நொடியிலும் முள் 3 பாரில்தான் இருந்தது, பிறகுதான் இறங்கியது. சாவியை ஆஃப், ஆன் செய்ததும் பிடித்துக்கொண்டது.

#12 ஐந்துவோல்ட்

இதற்குத்தான் காத்திருந்தேன். பிரஷர் இருக்கும்போதே எஞ்சின் நின்றால் பெட்ரோலை விட்டுவிடுங்கள். பைக் வயரிங்கை அப்படியே போட்டதாகச் சொன்னீர்கள். அதில் சாய்வு சென்சார் இருக்கும், பைக் கீழே விழுந்தால் பம்பையும் இக்னிஷனையும் துண்டிக்கும் சின்னப் பெட்டி. பல பைக்குகளில் ஓரிரு நொடி சாய்ந்தே இருந்தால் துண்டிக்கும், சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் மீளும். உங்கள் அறிகுறி அப்படியே அது.

பழையபட்டறை ஐயா சொன்னதையே இங்கேயும் பொருத்திப் பாருங்கள். பைக் 45 டிகிரி சாய்ந்து வளைந்தாலும் அந்தச் சென்சாருக்குள் இருக்கும் தொங்கட்டானுக்குக் கீழ் மாறுவதில்லை, அதனால் துண்டிக்காது. கார் சாயாமல் 1 ஜி வளைவில் போனால் தொங்கட்டான் 45 டிகிரி பக்கவாட்டில் ஒதுங்கும். கார் கவிழ்ந்துவிட்டது என்று அது நினைக்கிறது.

சோதனை எளிது. சென்சாரைக் கழற்றிக் கையில் பிடித்து, எஞ்சினை ஐடிலில் விட்டு, மெதுவாகச் சாயுங்கள். போனில் கோணம் அளக்கும் ஆப் போதும்.

#13 வளைவுப்பிரியன்

அப்படியே! இரண்டு பக்கமும் 44 டிகிரியில் இரண்டு நொடி பிடித்தால் அணைகிறது. இன்னொன்றையும் கண்டேன். அதை ஒட்டியிருந்த தகடு சட்டத்தில் சுமார் 5 டிகிரி சாய்ந்திருந்தது. ஆக, ஒரு பக்கத்துக்கு 39 டிகிரியே போதும். கணக்குப் போட்டால் அது 0.81 ஜி. மறுபக்கத்துக்கு 49 டிகிரி, 1.15 ஜி வேண்டும். இடது வளைவில் ஏன் ஒரு தடவைகூட அணையவில்லை என்பது இப்போது புரிகிறது.

இதைக் கழற்றிவிட்டு, நேராக நிற்பது போல இசியுவுக்குக் காட்டும் ரெசிஸ்டர் போட்டுவிடலாமா?

#14 நாலுகார்ப்

பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நானாக இருந்தால் நேராக வைத்துவிட்டு அப்படியே ஓட்டுவேன்.

#15 ஐந்துவோல்ட்

நேராக வைத்தாலும் 44 டிகிரிதான், 0.97 ஜி. நல்ல டயர் போட்டால் அதையும் தாண்டுவார், அப்போது வளைவின் நடுவில் எஞ்சின் அணையும். அது ஆபத்து. ரெசிஸ்டர் போடலாம், ஆனால் அந்தச் சென்சார் செய்த வேலையை வேறொன்று செய்தே ஆக வேண்டும். கார்களில் வரும் மோதல் துண்டிப்பு சுவிட்சை இரண்டு பம்புகளின் ரிலே வழியாகவும் கொடுங்கள். இடித்தால் துண்டிக்கும், வளைந்தால் துண்டிக்காது. எஞ்சின் சுற்றாதபோது பம்பை நிறுத்தும் இசியுவின் ஏற்பாட்டை லோ பிரஷர் பம்புக்கும் சேர்த்துக் கொடுங்கள், அதைச் சாவியில் நேரடியாக மாட்டாதீர்கள். வெளியிலிருந்து எட்டும் மெயின் கட்-ஆஃப் ஒன்று. இந்த மூன்றும் வைத்த பிறகு ரெசிஸ்டர்.

#16 நாலுகார்ப்

சரி, இதை ஏற்றுக்கொள்கிறேன். டயர் மாறினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

#17 வளைவுப்பிரியன்

மூன்றையும் செய்துவிட்டேன். சுவிட்சைக் கையால் தட்டிப் பார்த்தேன், இரண்டு பம்பும் நிற்கின்றன.

பெடலைப் பற்றி. துளையை 80 மி.மீ.க்கு மாற்றி, கையையும் திருப்பி வைத்தேன். முதல் முறை வாசலிலிருந்து வெளியே எடுத்தபோதே தெரிந்தது. முன்பு கட்டை விரலை மடக்கினாலே ஆர்பிஎம் 2,000 ஏறும். இப்போது பாதம் நன்றாக ஒரு விரற்கடை இறங்கிய பிறகுதான் எஞ்சின் பேசத் தொடங்குகிறது, அதுவும் நான் கேட்ட அளவுக்கு. பாதித் தொல்லை போய்விட்டது. காலை முழுசாக எடுத்து மறுபடி தொடும் அந்த இடத்தில் மட்டும் இன்னும் ஒரு "டக்" இருக்கிறது.

#18 திருகுவிசை

அந்த "டக்" த்ராட்டிலில் இருந்து வருவதில்லை. பைக்கின் பின்சக்கரத்துக்கும் அதன் பல்சக்கரத்துக்கும் நடுவே ரப்பர் துண்டுகள் இருக்கும், ஒவ்வொரு அதிர்ச்சியையும் அவை வாங்கிக்கொள்ளும். சக்கரத்தோடு அவையும் பைக்கிலேயே போய்விட்டன. இப்போது கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் எல்லாவற்றின் தளர்வும் ஒன்றுசேர்ந்து முதுகில் அடிக்கிறது. ஷாஃப்டில் ரப்பர் இணைப்பு ஒன்று வைத்தால் மிகவும் குறையும்.

அதற்கு முன் செலவில்லாத இரண்டு வேலை. நான்கு த்ராட்டில்களையும் வேக்கம் கேஜில் சமன் செய்யுங்கள். கேபிளில் 2 மி.மீ. தளர்வு விட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பியும் எஞ்சினைக் கையால் அசைத்தும் ஐடில் மாறுகிறதா பாருங்கள். எஞ்சின் அசையும்போது கேபிள் இழுபட்டால் வண்டி தானாகக் குதிக்கும்.

#19 ஐந்துவோல்ட்

இசியுவின் மேப்பையும் (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளோடு சேர்த்துப் பைக் முன்னூறு கிலோ இருக்கும். உங்கள் வண்டி ஆள் ஏறினால் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே ஆர்பிஎம்மில் எஞ்சின் அதிகம் சுமக்கிறது. பைக் ஒரு கண நேரம் மட்டும் கடந்து போகும் இடங்களில் உங்கள் எஞ்சின் நின்று உழைக்கிறது. ஏர் பெட்டியும் மாறியிருக்கும். புகையில் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரோடு, நின்ற இடத்திலேயே சக்கரம் சுழலும் ரோலரில் ஏற்றி, கீழ் ஆர்பிஎம், சிறு த்ராட்டில் பகுதியை முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். எல்லாரும் உச்ச பவரைப் பார்க்க ஓடுவார்கள், நீங்கள் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி கீழேதான்.

#20 வளைவுப்பிரியன்

சமன் செய்ததில் மூன்றாவது சிலிண்டர் மற்றவற்றைவிட நன்றாகவே விலகி இருந்தது. கேபிளும் இழுபட்டுக்கொண்டிருந்தது, ஒரு கிளிப்பை நகர்த்தினேன். "டக்" இப்போது கவனித்தால்தான் தெரிகிறது. ரோலருக்கு அடுத்த மாதம் நாள் கிடைத்திருக்கிறது.

நேற்று கால் டேங்கில் அந்த வலது வளைவை இருபது சுற்று எடுத்தேன். முள் 3இல் நின்றது, எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை, அணையவும் இல்லை. கடைசிச் சுற்றில் மனைவியும் உட்கார்ந்திருந்தார். பழையபட்டறை ஐயா, முதல் ஃபில்டரையும் வெட்டிப் பார்த்தேன். வலையில் மின்னும் அலுமினியச் சீவல், ஒரு சிட்டிகை அளவுக்கு. புதிது மாட்டிவிட்டேன்.

#21 பழையபட்டறை

ஒரு சிட்டிகை என்றால் இன்னும் வரும் தம்பி. ஐந்து மணி நேரம் ஓட்டியபின் இதையும் வெட்டிப் பாருங்கள்.